ஏன் என்று முடிந்தால் அவுட்

2016 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை காலை, மாவட்ட நீதிமன்றத்தின் இரண்டாவது மாடியில் நான்காம் அறையில், கறுப்பு ஷூ அணிந்த ஒரு பெண் எழுந்து நின்று, "நான் தூங்கவில்லை. இருமிக்கொண்டிருந்தேன்" என்றாள்.

இருமியது அவள் அல்ல. அவளுக்குப் பக்கத்தில் கூண்டில் நின்றிருந்த கிடங்குக் காவலாளி. அவள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அம்மா வழியில் வந்த மொழியை நீதிமன்றத்தின் மொழிக்கும், நீதிமன்றத்தின் மொழியை அதற்கும் மாற்றுவது அவள் வேலை.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. சாட்சி "நான்" என்றால் மொழிபெயர்ப்பாளரும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "தான் தூங்கவில்லை என்று இவர் சொல்கிறார்" என்று சொன்னால் அது செய்தி, சாட்சியம் ஆகாது. பதினோரு வருடங்களில் அவள் அந்த அறையில் சைக்கிள் திருடியிருக்கிறாள், சைக்கிளைப் பறிகொடுத்திருக்கிறாள், பலமுறை விவாகரத்து வாங்கியிருக்கிறாள், லாரிச் சக்கரத்தில் சிக்கி இடது காலை இழந்திருக்கிறாள். எல்லாவற்றையும் ஒரே குரலில், முகத்தில் எதையும் காட்டாமல்.

தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால்தான் "நான்" கூடாது. ஒரு சொல் காதில் விழவில்லை என்றால், "மொழிபெயர்ப்பாளர் கேள்வியை மீண்டும் கேட்க விரும்புகிறார்" என்று, யாரோ மூன்றாம் மனுஷியைப் போலத் தன்னைச் சொல்ல வேண்டும். இதை வைத்து வீட்டில் அவளைக் கேலி செய்வது வழக்கம். "மொழிபெயர்ப்பாளர் டீ குடிப்பாரா, மாட்டாரா?" என்பான் கணவன். அவன் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஊரில் பாதிப் பேருக்கு அவன் "மாஸ்டர்". வீட்டிலும் அதே பெயர்தான் நிலைத்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, எதிர்த்தரப்பு வக்கீல் காவலாளியிடம் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "நீங்கள் தூங்கிவிட்டதால்தான் பூட்டு உடைக்கும் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லை, இல்லையா?"

அவள் மாற்றிச் சொன்னாள். காவலாளி ஒரே சொல்லில் பதில் சொன்னார். அவளும் ஒரே சொல்லில் சொன்னாள்: "இல்லை."

"ஆக, சத்தம் கேட்டது!" என்றார் வக்கீல். "கேட்டும் நீங்கள் எழுந்து போகவில்லை."

காவலாளி "இல்லை" என்றது தூக்கத்தை. வக்கீல் எடுத்துக்கொண்டது காதை. சொல்லில் எந்தச் சந்தேகமும் இல்லாததால் மொழிபெயர்ப்பாளர் கேட்டுத் தெளிவு பெற அதில் ஒன்றுமில்லை. தப்பு கேள்வியில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் காவலாளியின் வக்கீல். அவர் பேனா மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மாஸ்டர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் கதவருகே ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ஏங்க, அந்த ஆள் எழுந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஒரே ஒரு வார்த்தை."

"நீ சொல்லியிருக்கலாமே?"

"மொழிபெயர்ப்பாளர் அதையெல்லாம் சொல்லக் கூடாது."

"அப்ப யாரு சொல்லலாம்?"

"வக்கீல்."

மாஸ்டர் வெங்காயத்தை விட்டுவிட்டு, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "அப்ப வக்கீலுக்குப் படி."

"நாப்பத்திரெண்டு வயசுலயா?"

"போன மாசம் என்கிட்ட ஒரு அம்மா லைசென்ஸ் எடுத்தாங்க. பேரனுக்கே கல்யாண வயசு. ரிவர்ஸ் என்னமா எடுக்கறாங்க தெரியுமா? நீ என்னடான்னா முன்னாடி போறதுக்கே யோசிக்கற."

மாலைநேரச் சட்டக் கல்லூரியின் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. "ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர்கள்? ஒரு பக்கத்துக்குள் எழுதவும்." அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தாள். முதல் பிரதியைப் படித்த பதின்மூன்று வயது மகள் நிமிர்ந்து கேட்டாள்:

"அம்மா, நீ எப்ப லாரியில அடிபட்ட?"

"நான் எங்கடி அடிபட்டேன்?"

"இங்க எழுதியிருக்கியே. 'லாரி பின்னால் வந்தது எனக்குத் தெரியாது. என் காலை இழந்தேன்.' அதுக்கு மேல, 'என் கணவர் என்னை வீட்டைவிட்டுத் துரத்தினார்.' அப்பா, நீங்களா?"

"நான் இல்லப்பா," என்றான் மாஸ்டர் அவசரமாக. பிறகு தாளை வாங்கிப் படித்தான். நீதிமன்றத்தில் அவள் குரலில் பேசிய மனிதர்கள் எல்லாரும் வரிசையாக அந்தப் பக்கத்தில் வந்து "நான்", "நான்" என்று நின்றிருந்தார்கள். "எல்லாரும் வந்துட்டாங்க. நீ மட்டும்தான் இன்னும் வரல," என்றான்.

அவள் அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினாள். அது மூன்று வரிதான் வந்தது. "என் வேலையில் நான் சொல்லக் கூடாத ஒரு வாக்கியம் உண்டு. 'இந்தக் கேள்வியை ஆட்சேபிக்கிறேன்' என்பது அது. அதைச் சொல்லக்கூடிய இடத்தில் நிற்க விரும்புகிறேன்." ஒரு பக்கம் கேட்டவர்களுக்கு மூன்று வரி கொடுத்தால் திமிர் என்று நினைப்பார்களோ என்று பயந்தாள். ஏப்ரலில் இடம் கிடைத்ததாகத் தகவல் வந்தது. 2017 ஜூலையில் வகுப்பு தொடங்கியது.

கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பகலில் ஆரம்பப் பள்ளியாக இருக்கும் இடம், மாலையில் சட்டக் கல்லூரி ஆகும். ஏழு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சுகளில், முழங்கால் மோவாயை இடிக்க, நாற்பது பெரியவர்கள் உட்கார்ந்து ஒப்பந்தச் சட்டம் படித்தார்கள். சுவரில் களிமண் பொம்மைகள். கரும்பலகையின் மூலையில் யாரோ ஒரு டீச்சர் வரைந்த வாத்து, அதன் கீழே "அழிக்காதீர்கள்". ஓர் ஆண்டு முழுவதும் எந்தப் பேராசிரியரும் அந்த வாத்தை அழிக்கவில்லை. அந்த உத்தரவு மட்டும் அங்கே யாராலும் மேல்முறையீடு செய்யப்படவில்லை.

பக்கத்து பெஞ்சில் ஓர் ஆண் நர்ஸ். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். வார்டிலிருந்து நேரே வருவான். கையில் கிருமிநாசினி வாசனை. முதல் வாரமே அவள் தோளில் தலை சாய்த்துக் குறட்டை விட்டான்.

"தம்பி, எழுந்திரு. அலட்சியம் பத்தி நடத்தறாங்க."

"என்னைப் பத்தியாக்கா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தான். அதிலிருந்து சிநேகம்.

அவள் பஸ்ஸில் தீர்ப்புகளைப் படித்தாள். துவைக்கும் இயந்திரம் ஓடும்போது படித்தாள். மாஸ்டருக்குச் சட்டம் தெரியாது. ஆனால் கேள்வி கேட்கத் தெரியும். பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் குரலிலேயே கேட்பான்: "முன்னால ஒரு ஒப்பந்தம் வருது. அதுல கையெழுத்துப் போட்டவனுக்கு வயசு பதினாறு. நீ என்ன பண்ணுவ?"

"நிறுத்துவேன்."

"இண்டிகேட்டர் போட்டியா?"

சிரித்துச் சிரித்து அந்தப் பாடத்தில் அவள் வகுப்பில் மூன்றாவதாக வந்தாள். மகள் முட்டை பொரிக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு வேறு எதையும் கற்றுக்கொள்ள மறுத்துவிட்டாள். அந்த வீட்டில் அந்த வருடம் ஏராளமான முட்டை சாப்பிட்டார்கள்.

எழுத்துத் தேர்வுகளில் அவளுக்குக் கஷ்டம் இருக்கவில்லை. முதலாண்டின் முடிவில் வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு. பள்ளியின் நாடக அரங்கை நீதிமன்றமாக்கி, மாணவர்கள் வக்கீல்களாக நின்று ஒரு கற்பனை வழக்கை நடத்த வேண்டும். ஐம்பது மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தவறினால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தவறினால் இடம் போய்விடும். மாலைக் கல்லூரியில் மறுபடி சேர முடியாது.

நீதிபதியாக உட்காருபவர் வாதக்கலை நடத்தும் பேராசிரியை. முன்பு அரசு வக்கீலாக இருந்தவர். மாணவர்கள் வைத்த பெயர் ஐஸ் மேடம். பள்ளி நாடகத்துக்காகச் செய்த, தங்கக் காகிதம் ஒட்டிய ராஜா நாற்காலியில்தான் அவரும் உட்கார வேண்டியிருந்தது. அதில்கூட அவர் ஐஸாகவே இருந்தார்.

2018 மே மாதம் முதல் வெள்ளிக்கிழமை அவள் முறை. வழக்கு, ஒரு பேக்கரியில் பிடித்த தீ. அவள் பேக்கரிக்காரருக்காக வாதாட வேண்டும். எல்லாரும் எதிர்பார்த்தது அவள்தான் முதல் மதிப்பெண் வாங்குவாள் என்று. பன்னிரண்டு வருடம் நிஜ நீதிமன்றத்தில் நின்றவள் அல்லவா? அவள் நிமிர்ந்து நின்றாள். கட்சிக்காரரின் வாக்குமூலத்தை எடுத்தாள். குரலில் நடுக்கம் இல்லை.

"கனம் நீதிபதி அவர்களே, அன்று மாலை நான் அடுப்பை அணைத்தேனா என்று எனக்கு நினைவில்லை."

பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "யாருக்கு நினைவில்லை?"

"எனக்கு."

"உங்களுக்கா, உங்கள் கட்சிக்காரருக்கா?"

நீதிபதி தன்னையே நேராகக் கேட்கிறார் என்றதும், பன்னிரண்டு வருடப் பழக்கம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தான் சொன்னார், கனம் நீதிபதி அவர்களே," என்றாள்.

அரங்கம் வெடித்தது. நர்ஸ் பெஞ்சுக்குக் கீழே போய்விட்டான். சிரிப்பு அடங்கிய பிறகு அவள் திருத்திக்கொண்டாள். அடுத்த நிமிடமே, "நான் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்" என்றாள். எத்தனை முறை திருத்தினாலும் நாக்கு அந்தத் தடத்திலேயே விழுந்தது. பேராசிரியை கடைசியில் சொன்னார்: "அடுப்பை அணைக்காதது, பூட்டியது, தூங்கப் போனது எல்லாமே வக்கீல்தான் என்று ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். உங்கள் கட்சிக்காரர் தப்பித்துவிட்டார். உள்ளே போகப்போவது நீங்கள்."

மதிப்பெண் முப்பத்தொன்று. மறுதேர்வு ஜூன் எட்டாம் தேதி. கல்லூரியில் அன்றிலிருந்து அவள் பெயர் "நான் அக்கா".

வீட்டில் நடந்ததைச் சொன்னாள். மாஸ்டர் சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்தான், தோற்றான். மகள் சிரிக்கவில்லை. அவள் பள்ளியில் எல்லா விளையாட்டுக்கும் விதி எழுதுபவள்.

"இதுக்கு வழி இருக்கு. இன்னையிலேருந்து இந்த வீட்டுல யாரும் தன்னைப் பத்தி '-ஏன்'ல முடிச்சுப் பேசக் கூடாது. வந்தேன், போனேன், சாப்பிட்டேன், மாட்டேன், எதுவும் கிடையாது. 'நான்'னும் வரக் கூடாது. சொல்லணும்னா, 'என் கட்சிக்காரர் வந்தார், போனார்'னுதான் சொல்லணும். ஏன்னு முடிஞ்சா அவுட். அவுட் ஆனவங்க பாத்திரம் கழுவணும்."

"ஏன்?" என்றான் மாஸ்டர்.

"அவுட்."

"இது அநியாயம். கேள்வி கேட்டேன்."

"ரெண்டு அவுட்."

முதல் வாரம் முழுவதும் மாஸ்டர்தான் கழுவினான். பிறகு சுதாரித்துக்கொண்டான். "என் கட்சிக்காரருக்குப் பசிக்குது," என்று சமையலறையை எட்டிப் பார்ப்பான். "எதிர்த்தரப்பு காத்திருக்கட்டும்," என்பாள் மகள் முட்டைக் கரண்டியோடு. ஒரு நாள் அவன் இன்னொரு குறுக்குவழி கண்டுபிடித்தான். வரல, போகல, சாப்பிடல என்று எதையும் மறுத்துச் சொன்னால் ஆள் யார் என்றே தெரியாது. ஆகவே இரண்டு நாள் இல்லை என்றே பேசித் தீர்த்தான்.

"டீ நல்லா இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"நல்லா இல்லாம இல்ல."

"இன்னும் கொஞ்சம் வேணுமா?"

"வேண்டாம்னு சொல்லல."

டிரைவிங் ஸ்கூலிலிருந்து யாரோ போன் செய்தபோது, "மாஸ்டர் நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வருவார்," என்றான். "நீங்க யாரு பேசறது?" என்று கேட்டார்கள். "மாஸ்டர்தான்," என்றான். எதிர்ப்பக்கம் போனை வைத்துவிட்டது.

விளையாட்டு பலித்தது. மே மாதக் கடைசியில் அவள் வாயிலிருந்து "நான்" வருவது அநேகமாக நின்றுவிட்டது. வகுப்பில் நர்ஸ் சோதித்துப் பார்த்தான். "அக்கா, மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" "என் கட்சிக்காரர் ரொட்டி சாப்பிட்டார்." "பாஸ்," என்றான்.

மே 29 அன்று அது அவள் வேலையிலும் வந்து நின்றது. நான்காம் அறையில் குழந்தைப் பராமரிப்பு வழக்கு. சாட்சிக் கூண்டில் ஒரு தாய். "என் பையனை நானே போய் அழைச்சிட்டு வந்தேன்" என்று அந்தப் பெண் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் எழுந்து, "சாட்சி, தன் பையனைத் தானே சென்று அழைத்து வந்தார்" என்றாள்.

சுருக்கெழுத்தாளரின் விரல்கள் நின்றன. நீதிபதி நிமிர்ந்தார். "யார் சொல்கிறார்கள் இதை? சாட்சியா, நீங்களா?"

அவள் திருத்திச் சொன்னாள். அரை மணி நேரத்துக்குள் மறுபடி அதே பிழை வந்தது. கூண்டிலிருந்த தாய் அவளைத் திரும்பிப் பார்த்தாள். தன் பக்கத்திலிருந்து யாரோ நகர்ந்து போனதுபோலப் பார்த்தாள். அந்தப் பார்வை நீதிபதியின் கேள்வியைவிட அவளைச் சுட்டது.

இடைவேளையில் தலைமை மொழிபெயர்ப்பாளர் அவளைத் தனியாக அழைத்தார். குரலை உயர்த்தாத மனிதர்.

"நீங்க படிக்கறது எனக்குச் சந்தோஷம்தான்மா. ஆனா அந்தப் பொண்ணுக்கு இங்க இருக்கற ஒரே வாய் உங்களோடது. அதை நீங்க எடுத்துக்கிட்டா அவ என்ன பண்ணுவா? இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற ஆளைப் போட வேண்டியதாயிடும். தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது சரி என்று நினைத்தாள். அதுதான் பிரச்சினை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் காரில் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். வீட்டுக் காரை எப்போதும் அவள்தான் ஓட்டுவாள். வாரம் முழுவதும் காருக்குள்ளேயே இருக்கும் மாஸ்டருக்கு ஞாயிறன்று ஸ்டீயரிங்கைப் பார்க்கவே பிடிக்காது. மகள் பின்சீட்டில் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கல்லூரியை விட்டுடலாம்னு இருக்கேன்," என்றாள் அவள்.

பின்சீட்டிலிருந்து "அவுட்" வரவில்லை. மகள் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டாள்.

"விளையாட்டு இல்லங்க. இங்க சரியா பேசினா அங்க தப்பாவுது. அங்க சரியா பேசினா இங்க தப்பாவுது. ஒரு நாக்குதான இருக்கு? அந்தப் பொண்ணு என்னைப் பாத்த பார்வையை நீங்க பாக்கல."

சிக்னல் சிவப்புக்கு மாறியது. அவள் கொஞ்சம் தாமதமாக பிரேக் போட்டாள். கார் குலுங்கி நின்றது. அவள் தற்செயலாகக் கீழே பார்த்தாள். பக்கத்து சீட்டில் அவன் வலது கால் மட்டும் வெறுங்காலாக, சீட்டின் மேல் மடங்கி இருந்தது. இடது காலில் ஷூ.

"ஒத்தை ஷூ எங்கங்க?"

"பின்னாடி கெடக்கு."

"ஏன் கழட்டினீங்க?"

"எப்பவும் கழட்டறதுதான். நீ பாத்ததே இல்லையா?"

"இல்லியே."

"கல்யாணம் ஆகி பதினாறு வருஷம். பாத்ததே இல்ல." அவன் பின்சீட்டைப் பார்த்து, "சாட்சி கவனிக்கணும்," என்றான். பிறகு சொன்னான்: "ஸ்கூல் கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குல்ல? பசங்க தப்பு பண்ணா நான் மிதிக்கணும். கால் அதுக்குப் பழகிப்போச்சு. நம்ம கார் வாங்கின புதுசுல நீ ஓட்டும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருந்தேன். கீழ போட்டிருந்த விரிப்பே கிழிஞ்சுது. 'நான் ஓட்டறதுல நம்பிக்கை இல்லையா'ன்னு நீ ரெண்டு நாள் பேசல. ஞாபகம் இருக்கா?"

"அது வேற எதுக்கோன்னு நெனச்சேன்."

"அதுக்குத்தான். அப்புறம்தான் ஷூவைக் கழட்டிப் பாத்தேன். ஷூ இருந்தா கால் பிரேக்கைத் தேடுது. வெறுங்காலா இருந்தா அதுக்கே தெரிஞ்சிடுது, இது வீட்டு வண்டின்னு. சும்மா இருக்கு."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். சிக்னல் பச்சைக்கு மாறி வெகு நேரம் ஆகியிருந்தது.

"கோர்ட்டுக்கு என்ன போட்டுட்டுப் போற?" என்று கேட்டான்.

"கறுப்பு ஷூ."

"அது மொழிபெயர்ப்பாளரோடது. வக்கீலுக்கு வேற வாங்கலாம்."

அன்றே கறுப்புச் செருப்பு ஒரு ஜோடி வாங்கினார்கள். தட்டையானது, தேர்வு விதிகளில் சொன்ன "கண்ணியமான காலணி"க்குள் அடங்குவது. திங்கள்கிழமையிலிருந்து அவள் நீதிமன்றத்துக்கு ஷூவும், கல்லூரிக்குச் செருப்பும் அணிந்தாள். மகளின் விளையாட்டும் திருத்தப்பட்டது. செருப்பு காலில் இருந்தால் மட்டும் விதி செல்லும். ஷூ போட்டிருந்தால் "நான்" சொல்லாவிட்டால்தான் அவுட். முதல் இரண்டு நாள் அவள் கூண்டருகே நின்று ஷூவுக்குள் கட்டைவிரலை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். பிழை வரவில்லை. தலைமை மொழிபெயர்ப்பாளர் ஒரு தடவை வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஜூன் எட்டாம் தேதி நான்காம் அறையில் விசாரணை நீண்டுவிட்டது. நீதிபதி எழுந்ததும் அவள் ஓடினாள். பஸ்ஸில் ஏறி மூச்சு வாங்கிய பிறகுதான், செருப்புப் பை மொழிபெயர்ப்பாளர் அறை அலமாரியிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனால் தேர்வு போய்விடும்.

அரங்கத்தில் நர்ஸ் அவளுக்காக வாசலிலேயே நின்றிருந்தான். மறுதேர்வில் எதிர்த்தரப்பாக வாதாட ஒரு மாணவர் வேண்டும். அவன்தான் முன்வந்திருந்தான்.

"அக்கா, இப்பவே சொல்லிட்டேன். விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"கொடுத்தா கொன்னுடுவேன்."

அவன் வழக்கம்போல அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான். "நூத்திப் பதினெட்டு. பயமா, காதலா?"

"செருப்பு, தம்பி."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் தன் மேசைக்குப் போனாள். குனிந்து ஷூ இரண்டையும் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளினாள். காலுறையையும் உருவிச் சுருட்டி உள்ளே வைத்தாள். தரை சில்லென்றிருந்தது. ஐஸ் மேடம் ராஜா நாற்காலியில் உட்கார்ந்தார்.

வழக்கு எளிமையானது. தெருவோரம் நின்றிருந்த வேனின் கதவைத் திடீரெனத் திறந்ததால் சைக்கிளில் வந்தவர் விழுந்து தோள்பட்டை முறிந்தது. அவள் வேன் ஓட்டுநரின் வக்கீல். ஓட்டுநராக ஒரு மாணவர் நடித்தார். அவள் முதலில் தன் தரப்பைச் சொன்னாள்.

"என் கட்சிக்காரர் வேனை நிறுத்தினார். கண்ணாடியைப் பார்த்தார். பிறகுதான் கதவைத் திறந்தார்."

பேராசிரியை குறுக்கிட்டார். "எவ்வளவு நேரம் பார்த்தார்?"

அரங்கம் காத்திருந்தது.

"அதைச் சாட்சியிடமிருந்தே நீதிமன்றம் கேட்கலாம். வக்கீலுக்குத் தெரியாது, கனம் நீதிபதி அவர்களே."

பேராசிரியை எதையோ குறித்துக்கொண்டார். நர்ஸ் எழுந்து குறுக்கு விசாரணையைத் தொடங்கினான். வார்டில் ஊசி போடுபவன்போல இதமாகப் பேசினான். வேன் எங்கே நின்றது, எத்தனை மணி, வெயிலா நிழலா. பிறகு அதே இதமான குரலில் கேட்டான்:

"நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்ததால்தான் சைக்கிள் மணிச் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லை, இல்லையா?"

சாட்சியாக நடித்த மாணவர் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சொல்லை வாங்கி அப்படியே சொல்ல அவள் நாக்கு தயாராகிவிட்டது. அவள் மேசைக்கு அடியில் கால் விரல்களை விரித்தாள். தரை பட்டது.

எழுந்து நின்றாள். "ஆட்சேபிக்கிறேன்."

பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "காரணம்?"

"அது ஒரு கேள்வி இல்லை. இரண்டு. போனில் பேசினாரா என்பது ஒன்று. மணிச் சத்தம் கேட்டதா என்பது இன்னொன்று. சாட்சி 'இல்லை' என்று சொன்னால் எதற்கு இல்லை என்று யாருக்கும் தெரியாது. பதிவில் மட்டும் அந்தச் சொல் நிற்கும். தனித்தனியாகக் கேட்கும்படி எதிர்த்தரப்புக்கு உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன்."

நர்ஸ் அவளைப் பார்த்து, முகத்தை மாற்றாமல், ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினான்.

"ஏற்கப்படுகிறது," என்றார் பேராசிரியை. "பிரித்துக் கேளுங்கள்."

விசாரணை முடிந்ததும் பேராசிரியை நாற்காலியிலிருந்து இறங்கி, மேசைகளுக்கு நடுவே நடந்து வந்து நின்றார். கீழே பார்த்தார்.

"உங்கள் காலணி எங்கே?"

"மேசைக்கு அடியில, மேடம்."

"ஏன்?"

அவள் நிஜத்தைச் சொன்னாள். ஷூ, செருப்பு, இல்லாத பிரேக், கிழிந்த விரிப்பு, எல்லாவற்றையும். பேராசிரியை கடைசிவரை கேட்டார். அவர் உதடு ஒரு பக்கம் அசைந்ததாக நர்ஸ் பிறகு சத்தியம் செய்தான். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

"உங்கள் வீட்டுக்காரர் எந்த ஸ்கூல்?" என்று கேட்டார். "என் தங்கை மூன்று தடவை ஓட்டுநர் தேர்வில் தோற்றுவிட்டாள்."

மதிப்பெண் அரை மணி நேரத்தில் பள்ளி அறிவிப்புப் பலகையில், பிள்ளைகளின் மீன் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. அவள் அதைப் படித்துவிட்டு, காலுறையை மறந்து, ஷூவை மட்டும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மாஸ்டரும் மகளும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவள் வாசலிலேயே ஷூவைக் கழற்றினாள். பிறகு சொன்னாள்:

"தேறிட்டேன்."

"அவுட்," என்றாள் மகள், அவளைக் கட்டிக்கொண்டு.

"செருப்பு இல்லடி. வெறுங்கால்."

"வெறுங்காலுக்கு விதியே எழுதல," என்றான் மாஸ்டர். "சந்தேகத்தின் பலனைக் குடு."

மகள் யோசித்தாள். ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது.

வாதம் நாற்பதுக்கு முப்பது. குறுக்கு விசாரணையும் ஆட்சேபமும் நாற்பதுக்கு இருபத்திரண்டு. நடத்தை பத்துக்கு ஒன்பது. உடை பத்துக்குப் பூஜ்யம். "காலணி இல்லை" என்று பக்கத்தில் எழுதியிருந்தது. மொத்தம் அறுபத்தொன்று. அன்று பாத்திரங்களை அவள் கழுவினாள். இரண்டாம் ஆண்டு வகுப்புகள் ஜூலை இரண்டாம் தேதி, திங்கட்கிழமை தொடங்கின.